துண்டுக்கடியில் மூன்றாவது கை

வெள்ளோடைப் பருத்திப் பேட்டையில் துண்டுக்கடியில் மூன்றாவதாக ஒரு கை வந்து சேர்ந்த நாளில், வழக்கம்போல மாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, வழக்கம்போல மில்லுக்காரர்கள் தாமதமாக வந்தார்கள், வழக்கம்போல டீக்கடைக்காரன் பாலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தான், காத்தமுத்துவின் சுண்டுவிரல் போனதைத் தவிர அன்றைக்கு யாருடைய வேலையும் கெடவில்லை.

அந்தப் பேட்டையில் விலையை வாயால் பேசுகிற பழக்கம் கிடையாது. விற்கிறவனும் வாங்குகிறவனும் எதிரெதிரே குந்தி வலது கைகளை நீட்ட, தரகர் அங்குராசு தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கைகளின்மேலும் போர்த்துவார், உள்ளே விரல் விரலைத் தொட்டு விலை பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு, பிடித்ததை மடக்கினால் குறைத்துக்கொள் என்று அர்த்தம், உள்ளங்கையைச் சுரண்டினால் உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கும், கொஞ்சம் ஏத்திக் கொடு என்று அர்த்தம். வெளியே இரண்டு முகங்களும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். என்ன விலை படிந்தது என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் நம்பினார்கள்.

காத்தமுத்துவும் மில்லுக்காரர் தாமோதரனும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கை துண்டுக்குள் நுழைந்தது. எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் கைகள் எல்லாம் அவரவர் மடியில்தான் இருந்தன. அது காத்தமுத்துவின் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கியது, மடக்கியது என்றால் விலை பாதிக்குக் கீழே இறங்கியது, துண்டை எடுத்துப் பார்த்தபோது விரலைக் காணோம், ரத்தம் மட்டும் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தாமோதரன் வருத்தமாகத்தான் சொன்னார். "நான் என்ன செய்யட்டும் காத்தமுத்து, அந்தக் கை சொல்லுற விலைக்குக் கடல்ல இருந்து பஞ்சு வந்து இறங்குதே. நான் கூடக் குடுத்தா என் மில்லுல பூட்டுத்தான் தொங்கும்." அங்குராசு பொதியிலிருந்து ஒரு கை பருத்தியைப் பிய்த்துக் காயத்தில் வைத்து அமுக்கினார். அந்தப் பருத்தியையும் எடையில் கழித்துக்கொண்டார்கள்.

சாத்தையாவின் பெண்சாதி பூமயில் இந்தச் சேதியைக் காட்டில் நின்று பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள். பருத்தி எடுப்பது பெண்கள் வேலை, சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு குனிந்த இடுப்பு நிமிராமல் சுளை சுளையாகப் பிடுங்கி மடியில் போட வேண்டும். விற்பது ஆம்பிளைகள் வேலை, பேட்டை வாசலைப் பெண்கள் மிதிப்பதில்லை. அடுத்த வாரம் சாத்தையா தங்கள் பொதியை ஏற்றிக்கொண்டு போய்விட்டுச் சுண்டுவிரல் இல்லாமல் திரும்பி வந்தான். பூமயில் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ரொம்ப வலிக்கா மச்சான்?"

"விலை அளவுக்கு வலிக்கல."

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊர் என்பது எதையும் செரிக்கிற வயிறு, கல்லைக் கொடுத்தாலும் செரிக்கும், கையைக் கொடுத்தாலும் செரிக்கும். மாசி பங்குனியில் விரல்கள் போகும் என்று ஆனதும் பக்கத்து ஊர்க் கம்பவுண்டர் ஒருவர் பேட்டைக்கு எதிரில் பந்தல் போட்டுத் தையல் போட ஆரம்பித்தார். கிளாசைப் பிடிக்க முடியாதவர்களுக்காக டீக்கடைக்காரன் கிளாசில் துணி சுற்றிக் கொடுத்தான், துணிக்கும் சேர்த்துக் காசு வாங்கினான். ரேஷன் கடை மிஷினில் வைக்கக் கட்டைவிரல் இல்லாதவனைப் பார்த்துக் கடைக்காரர், "நீ உயிரோட இருக்கேங்கதுக்கு இந்த மிஷின் சாட்சி சொல்ல மாட்டேங்குதே" என்று அரிசியைத் திரும்பக் கொட்டினார். காளி கோவிலில் நேர்த்திக்கடனுக்கு மண்ணால் கை செய்து வைத்தார்கள், முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கோவில் மதிலோரம் நட்டுவைத்த பயிர் மாதிரி வரிசையாகக் கைகள். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்குப் பத்து விரலும் இருந்தால் பெண் வீட்டார் மூஞ்சியைச் சுளித்தார்கள், ஏனென்றால் பத்து விரலோடு இருக்கிறவனுக்கு நிலம் கிடையாது என்று அர்த்தம். பூமயிலின் தங்கச்சிக்கே மூன்று விரல் மாப்பிள்ளைதான் வாய்த்தான், கல்யாணத்தில் எல்லோரும் நல்ல சம்பந்தம் என்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வியாபாரம் கையைக் கடித்துவிட்டது என்று மற்ற ஊர்களில் ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள், வெள்ளோடையில் அப்படிச் சொன்னால் எந்த விரல் என்று கேட்டார்கள்.

அது யாருடைய கை என்பதில் ஆளாளுக்கு ஒரு கதை இருந்தது. கொழுகொழுவென்று மோதிரம் போட்ட கை என்றான் ஒருவன், மயிர் அடர்ந்த துரையின் கை என்றான் இன்னொருவன், பணக்கார நாட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே நீட்டுகிற கை என்று எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள். துண்டுக்குள் கை விட்டவர்கள் ஆம்பிளைகள், அந்தக் கை பட்ட உடனேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள், அவர்கள் சொன்னதைத்தான் பெண்களும் நம்பினார்கள். பூமயிலும் நம்பினாள். காட்டில் சுளையைப் பிடுங்கும்போதெல்லாம் அந்தக் கொழுத்த கையின் விரலைப் பிடுங்குவதாக நினைத்துக்கொண்டுதான் பிடுங்கினாள், அவளுக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல்.

ஒரு வருஷம் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள், பெண்களும் ஓரமாக நின்றார்கள். அதிகாரி நல்ல மனுஷர், எல்லோருடைய கைகளையும் வாங்கிப் பார்த்தார், கண்கூடக் கலங்கியது.

"ஆனா அந்தக் கையைத் தடுக்க முடியாது" என்றார். "உலகத்து நாடுகள்லாம் கூடி உட்கார்ந்து எழுதின விதி. எந்தச் சந்தையிலயும் அந்தக் கை நுழையலாம். நம்ம நாடும் ஒத்துக்கிட்டிருக்கு."

"அப்ப பணக்கார நாட்டுல பருத்தி போடுற சம்சாரிக்கும் விரல் போகுதாய்யா?" என்று காத்தமுத்து கேட்டான்.

"அங்க போகாது. அவங்க சர்க்கார் அவங்களுக்கு இரும்பு உறை குடுத்திருக்கு."

"எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க."

"அதுல ஒரு சிக்கல் இருக்குப்பா. விதி எழுதின அன்னைக்கு யார் கையில உறை இருந்ததோ அவங்க அப்படியே வச்சுக்கலாம். இல்லாதவங்க புதுசா மாட்டக் கூடாது. மத்தபடி எல்லாருக்கும் ஒரே விதிதான்."

ஓரத்திலிருந்து பூமயில் பேசினாள். "ஒரே விதின்னா அவுக கழத்தணும், இல்லன்னா நாங்க மாட்டணும். ரெண்டுல எதுய்யா?"

அதிகாரி இதை மேலே சொல்வதாகச் சொன்னார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று யாரும் கேட்கவில்லை, ஜீப் போன பிறகு புழுதி அடங்க நேரமானது.

கருமலையான் என்று ஒரு ரோஷக்காரன் இருந்தான். விரலைக் கொடுக்க மாட்டேன், விற்கவும் மாட்டேன் என்று பருத்தியை வீட்டுக்குள்ளேயே அடைத்தான், கூடத்தில் அடைத்தான், அடுப்படியில் அடைத்தான், பிள்ளைகள் பருத்திமேல் தூங்கின, அடுத்த வெள்ளாமையும் வந்து அதற்குமேல் ஏறியது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகிப் பருத்தி கறுத்து நாற ஆரம்பித்ததும் அவன் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பேட்டைக்குப் போனான். அந்தக் கை அவனிடம் விரலோடு நிற்கவில்லை, மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. கம்பவுண்டரால் ரத்தத்தைக் கட்ட முடியவில்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் பின்சீட்டில் படுத்தபடியே செத்தான், கண்டக்டர் அவனுக்கும் டிக்கெட் கேட்டாராம்.

அன்றைக்கு ஊர் கொதித்தது. கடல்வழியாக வந்த பஞ்சுப் பேல் கட்டுகளை ஏற்றி வந்த லாரியை மேம்பாலத்தடியில் மறித்துக் கொளுத்தினார்கள், டிரைவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அந்த டிரைவர் பக்கத்து ஊர்ப் பருத்திச் சம்சாரியின் மகன் என்பது அவன் தாடை உடைந்த பிறகுதான் தெரிந்தது. போலீஸ் வந்து அடித்த அடியில், விரல் இருந்தவனுக்கு விரல் உடைந்தது, விரல் இல்லாதவனுக்கு முட்டி உடைந்தது. பேல்கள் கொஞ்ச காலம் புகைந்துகொண்டே கிடந்தன. அப்புறம் மறு மாசி வந்தது, பருத்தி வெடித்தது, பேட்டை திறந்தார்கள்.

அந்த மாசியில் சாத்தையாவின் வலது கையில் மிச்சம் இருந்தவை கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும்தான். இந்தத் தடவை போனால் அவையும் போகும், போனால் கலப்பையைப் பிடிக்க முடியாது, காடு தரிசாகிவிடும், போகாமல் இருந்தால் கருமலையான் கதை. பருத்தியோ அந்த வருஷம் கண்ணைப் பறிக்கிற மாதிரி விளைந்திருந்தது. பொதியைப் பார்த்தபடி பூமயில் சொன்னாள்.

"இந்தத் தடவ நான் போறேன்."

"பொம்பள பேட்டைக்குள்ளயா? பைத்தியமா பிள்ள உனக்கு?"

"எனக்குப் பத்து வெரலும் கெடக்கு மச்சான். உங்க சோட்டு ஆளுக அந்தக் கையப் பிடிச்சு இழுக்கப் பாத்தாக, பிடிமானம் இல்லாமக் கோட்டை விட்டாக. நான் பிடிச்சா விட மாட்டேன்."

சாத்தையா எழுந்து போய் அரிவாளைத் தீட்டும் கல்லைத் தேடி எடுத்தான். "மணிக்கட்டு மட்டும் வெளிய தெரியட்டும் பூமயிலு" என்றான். "ஒரே வெட்டு. கருமலையானுக்குப் போனது அதுக்கும் போகட்டும்."

"மணிக்கட்டு என்ன மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் இழுத்துத் தாரேன்" என்றாள் பூமயில். அவள் மனதாரத்தான் சொன்னாள்.

பேட்டை வாசலை அவள் மிதித்தாள். விஷயம் தெரிந்து அரைக்கை ஆட்களும் கால்கை ஆட்களும் அரிவாளோடும் கோடாலியோடும் முன்கூட்டியே வந்து பொதிகளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அங்குராசு நெளிந்தார்.

"மதினி, இங்க வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"வெரலை எடுக்கது எந்த வழக்கம் தரகரே? போர்த்துங்க."

அவள் தாமோதரனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வலது கையை நீட்டினாள், துண்டு விழுந்தது. தாமோதரனின் கை வெதுவெதுப்பாக ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது, அதற்கு எப்போதும் எந்தச் சேதமும் வந்ததில்லை. பிறகு அந்த மூன்றாவது கை வந்து அவளுடைய சுண்டுவிரலைத் தொட்டது. தொட்டதும் பூமயில் அதை ஐந்து விரலாலும் கவ்விப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கமாக இழுத்தாள், அது வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தது, அவள் விடவில்லை, பின்னால் நின்ற சாத்தையா இரண்டு விரலிலும் அரிவாளைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓங்கினான்.

ஆனால் இழுக்கிற போதே அவள் விரல்களுக்கு ஏதோ தெரிய ஆரம்பித்தது. கொழுகொழு கை இல்லை, எலும்பும் நரம்புமாக இருந்தது. உள்ளங்கை வெடித்திருந்தது. விரல் நுனியில், நகக்கண்ணைச் சுற்றி, பொடிப்பொடியாகக் கீறல்கள், சில ஆறியவை, சில ஆறாதவை. காய்ந்த பருத்தி ஓட்டின் முனை குத்திக் குத்தி உண்டாகிற கீறல்கள், பூமயிலின் பத்து விரலிலும் இருக்கிற அதே கீறல்கள், பருத்தி விற்கிற எந்த ஆம்பிளையின் கையிலும் இல்லாதவை. பருத்தி எடுக்கிற கை. பொம்பளைக் கை. அதில் நடுவிரலைக் காணோம், மோதிரவிரல் இருந்த இடம் இன்னும் ஈரமாகப் பிசுபிசுத்தது. அந்தக் கை அவளுடைய உள்ளங்கையைச் சுரண்டியது, கொஞ்சம் ஏத்திக் கொடு, கொஞ்சம் ஏத்திக் கொடு. இரண்டு கைகளுக்கும் மேலே துண்டு தானாகவே இறுகிக்கொண்டு வந்தது, இறுகி இவள் சுண்டுவிரலிலும் அவள் சுண்டுவிரலிலும் ஒரே நேரத்தில் பல்லைப் பதித்தது. இத்தனை வருஷமும் கடித்தது கை இல்லை.

அவள் இழுத்த வேகத்தில் கை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கரிசலைவிடக் கறுப்பான கை, மணிக்கட்டில் பாசிமணிக் கயிறு, அதற்குமேல் முழங்கை வரைக்கும் துண்டுக்குள். அரிவாள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெட்டாதீங்க மச்சான், இது பருத்தி எடுக்கிற கை!"

சாத்தையாவின் காதில் விழுந்தது, அவன் நம்பவும் செய்தான். ஆனால் ஓங்கிய அரிவாளை நடுவில் நிறுத்த ஐந்து விரல் வேண்டும், அவனிடம் இரண்டுதான் இருந்தன. பூமயில் தன் இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். நான்கு விரல்கள் தெறித்துப் பொதிமேல் விழுந்தன, வெள்ளைப் பருத்தி சிவந்தது, அரிவாள் தரைக்கல்லில் மோதிப் பொறி பறந்தது. சாத்தையா வாயில் அறைந்துகொண்டு கத்தினான். யாருக்கும் கை கால் ஓடவில்லை.

அந்தக் கறுப்புக் கை ஓடிப்போகவில்லை. துண்டின் விளிம்பிலிருந்து அந்தப் பெண்ணின் இன்னொரு கையும் வெளியே வந்தது, தட்டித் தடவி பூமயிலின் வெட்டுப்பட்ட கையைக் கண்டுபிடித்தது, பிரசவத்தில் ரத்தப்போக்கைப் பார்த்துப் பழகிய பெண்கள் பிடிக்கிற மாதிரி மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பூமயில் அப்போதுதான் ஓவென்று அழுதாள். வலிக்கும் அழுதாள், கொளுத்தின லாரிக்கும் அழுதாள், இத்தனை வருஷம் காட்டில் நின்று இந்தக் கையைத்தான் சபித்தோம் என்பதற்கும் அழுதாள்.

தாமோதரன் எழுந்து வேட்டியை உதறினார். "இதெல்லாம் நமக்கு ஆகாது. துண்டைப் போடுங்க தரகரே, விலையை முடிங்க." அங்குராசு ஆயுசெல்லாம் செய்த பழக்கத்தில் துண்டை எடுத்து அந்தக் கைகளின்மேல் மறுபடியும் போட்டார்.

சாத்தையா அரிவாளை இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்தான். கைகளில் படாமல் துண்டின் நடுவில் குத்தி இழுத்தான். அது கிழியும்போது துணி கிழிகிற சத்தம் வரவில்லை, சதை கிழிகிற சத்தம் வந்தது, உள்ளேயிருந்து விரல்கள் கொட்டின. சோளக்கதிர் உதிர்கிற மாதிரி கொட்டின, பேட்டைத் தரை முழுக்க உருண்டன. ஆம்பிளைகள் அரிவாளையும் கோடாலியையும் போட்டுவிட்டு மண்டிபோட்டுத் தங்கள் விரலைத் தேடினார்கள். காத்தமுத்து ஒன்றை எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்த்தான், அது அவனுடையது இல்லை, இன்னொன்றை எடுத்தான், அதுவும் இல்லை. அங்கே கிடந்தவற்றில் பாதிக்குமேல் கறுத்த விரல்கள், யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் விரல்கள், கன்னங்கரிய சின்ன விரல்கள்கூட இருந்தன. காத்தமுத்து தேடுவதை நிறுத்திவிட்டு அந்தச் சின்ன விரல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பூமயில் கண்ணைத் துடைக்கவில்லை. அவள் தன் விலையை வாயால் சொன்னாள். பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி, தெருவில் போகிறவனும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, விதைக்கும் உரத்துக்கும் குனிந்த இடுப்புக்கும் சேர்த்துச் சொன்னாள்.

தாமோதரனின் முகம் சிறுத்தது. "அந்த விலைக்கு நான் எப்படிம்மா வாங்குறது? அந்தக் கை இதவிடக் கம்மிக்குத் தருமே."

"கேட்டுச் சொல்லுதேன்" என்றாள் பூமயில். கிழிந்த துண்டின் விளிம்பில் நீண்டிருந்த கறுத்த கைகளில் ஒன்றை வலது கையில் வாங்கி, அதில் மிச்சமிருந்த விரல்களைப் பிடித்துத் தன் விலையை அழுத்திச் சொன்னாள். கடலுக்கு அப்பால் அங்கேயும் யாராவது எதிரே உட்கார்ந்திருக்கலாம், அங்கேயும் ஒரு பொதி இருக்கலாம், வீட்டில் உலை வைக்காமல் பிள்ளைகள் காத்திருக்கலாம். பிறகு அந்தக் கை பூமயிலின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எதையும் மடக்காமல், அதே விலையைத் திரும்பச் சொன்னது.

"அவளுக்கும் இதே விலதானாம்."

"இந்த விலைக்கு உலகத்துல எவனும் பஞ்சு வாங்க மாட்டான்மா."

"அப்ப எல்லாவனும் அம்மணமாத் திரியட்டும்" என்று சொல்லிவிட்டு, ரத்தம் இன்னும் நிற்காத கையோடு, பிடித்த கையை விடாமல், பூமயில் அடுத்த மில்லுக்காரரைக் கூப்பிட்டாள்.